கப்பல் காசில் ஒரு கோடு

போன வாரம் பாலிஷ் மோட்டார் புகைந்ததோடு கதை நின்றது. பட்டறை எரிந்துபோகவில்லை. மகள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள், மருமகன் ஜன்னலைத் திறந்துவிட்டான், பெரியவர் மோட்டார் செய்தவனைத் திட்டினார். புகை அன்றைக்கே போய்விட்டது. திட்டு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது கப்பு, ஷீல்டு, மெடல் விற்கிற கடை. முன்னால் கடை, பின்னால் பட்டறை, மேலே வீடு. மகள் கடையில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பாள். அவள் புருஷன் பட்டறையில் கப்பின் மேல் ஜெயித்தவன் பேரை வெட்டுவான். பாலிஷ் போடுவது பெரியவர். பித்தளையைத் தங்கம் மாதிரிக் காட்டுவதுதான் அவர் ஆயுசு முழுக்கப் பார்த்த வேலை. அதனால் தங்கம் என்று யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். "இதைத்தானய்யா நான் தினம் செய்யறேன்" என்பார்.

பட்டறையில் நாற்காலி மூன்று. மூன்றாவது சின்னவனுடையது. பெரியவரின் மகன். அப்பாவோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு போனவன்தான், ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை. அந்த நாற்காலியில் பெரியவர் பாலிஷ் துணி மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டார். காலியாக இருந்தால்தானே கண்ணை உறுத்தும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மருமகனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பழைய காசு சேர்ப்பதைத் தவிர. பிஸ்கட் டப்பா நிறையச் செம்பும் வெள்ளியுமாக வைத்திருக்கிறான். தங்கம் ஒன்றுகூடக் கிடையாது. ரொம்ப நாளாக அவன் ஏங்கிக்கொண்டிருந்த ஒரு தங்கக் காசு திடீரென்று ஒரு வியாபாரியிடம் வந்திருக்கிறது. கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருக்கிற ஆள். ஊரே அவரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடும்.

காசின் விலையைக் கேட்டால், புது மோட்டாருக்கென்று மகள் சேர்த்துவைத்த பணம் முழுசும் போய்விடும்.

மகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அவரு வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. வாங்கலாமா வேண்டாமான்னு அப்பா சொல்லட்டும். வாங்கினா, மோட்டார் அடுத்த வருஷம்."

நல்ல வேலை செய்தாள். வேண்டாம் என்றால் பெரியவர் கெட்டவர். சரி என்றால் பெரியவர் ஏமாளி.

"மாமா, நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொன்னாப் போதும்" என்றான் மருமகன்.

"அங்க நான் வரமாட்டேன் மாப்பிள்ளை. அவன் கடை, அவன் போட்ட லைட்டு. அந்த லைட்டுல சோடா மூடி வெச்சாலும் தங்கமாத் தெரியும். சாமான் என் மேசைக்கு வரட்டும்."

"வெளிய குடுக்க மாட்டாங்க மாமா."

"ஏன், வெளிச்சம் பட்டா செத்துப்போயிடுமா?"

கடைசியில் கண்ணாடி ஒத்துக்கொண்டார். பணம் முழுசையும் முதலில் கட்டிவிட வேண்டும். காசை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். சாயங்காலம் கடை சாத்துவதற்குள், கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வந்தால் பணம் திரும்பிவிடும். சின்ன மாற்றம் இருந்தாலும் காசு வாங்கினதாகக் கணக்கு.

"பாத்தியா, அவனும் என்னை மாதிரிதான்" என்றார் பெரியவர். "யாரையும் நம்பமாட்டான். இது ஒண்ணுதான் அவன்கிட்ட எனக்குப் பிடிச்சிருக்கு."

காலையில் மருமகன் காசைக் கொண்டுவந்தான். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் காசு. மேசையில் இரண்டு கையாலும் ஏந்தி வைத்தான். கல்யாணத்தன்றைக்குத் தாலியைக்கூட அப்படி ஏந்தினதில்லை.

ஒரு பக்கம் யாரோ ஒரு ராஜாவின் தலை. மறுபக்கம் பாய் விரித்த கப்பல்.

"மாமா, இதுல என்ன விசேஷம்னா..."

"கதை வேண்டாம்."

"இல்ல மாமா, இந்தக் கப்பல் காசு நிறைய இருக்கு. ஆனா இந்த ஒண்ணு மட்டும்..."

"மாப்பிள்ளை, சரக்கு மட்டமா இருந்தாத்தான் கூட ஒரு கதையைச் சேத்து விப்பான். எனக்குச் சரக்கு போதும். நீ போய் அந்தப் பள்ளிக்கூடத்துக் கப்பைக் குடுத்துட்டு வா. பசங்க ஓடி முடிச்சுட்டுக் கையை நீட்டிக்கிட்டு நிக்கும்."

மருமகன் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தான். இன்னும் இரண்டடி போய் மறுபடியும் பார்த்தான்.

"ஓடிப்போயிடாது, போ" என்றார் பெரியவர்.

கடையில் மகளிடம் ஒரு நீச்சல் கிளப்புக்காரர் வம்பு செய்துகொண்டிருந்தார். முதலாவது வந்தவர் வெளியாள், இரண்டாவது வந்தது கிளப் தலைவர். அதனால் இரண்டாவது கப்பு முதல் கப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டுமாம்.

"அப்ப அவரையே முதல்ல வரச் சொல்லுங்களேன்" என்று மகள் சொல்வது பட்டறை வரை கேட்டது.

"தண்ணி குளிர்ச்சியா இருந்துச்சும்மா" என்றார் கிளப்புக்காரர்.

பெரியவர் சிரித்துக்கொண்டே காசை எடுத்தார். எடை போட்டார். சரி. மேசைக் கல்லில் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் சரி. ஜன்னலடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் சரி. விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். அதுவும் சரி. தங்கம்தான். சுத்தமான தங்கம்.

அவருக்கு எரிச்சலாக வந்தது. குறை சொல்லக் காத்திருக்கிறவனுக்குக் குறை கிடைக்காவிட்டால் பசி வந்த மாதிரி இருக்கும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கப்பலின் பாயில், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு மயிரிழை போல ஒரு கோடு.

"ஆங்" என்றார் பெரியவர். "கீறல்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இவ்வளவு விலை சொல்லிவிட்டுக் கீறல் விழுந்த காசைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவருக்கு மருமகன் திரும்பித் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்து தொலைத்தது.

நல்ல பையன். வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்று நாலு பேர் கிண்டல் செய்தாலும் தலை குனிந்து வேலையைப் பார்க்கிறவன். சின்னவன் போன பிறகு இரண்டு பேர் வேலையை ஒருத்தனாக இழுக்கிறான். அவனை நல்ல பையன் என்று பெரியவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டதோடு சரி. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கெட்டுப்போய்விடுவான் என்று நினைப்பு.

வாங்கிக்கொள்ளட்டும் என்று தோன்றியது. ஆனால் கீறலோடு எப்படி வாங்குவது? இந்த மேசையிலிருந்து கீறலோடு ஒரு மெடல்கூட வெளியே போனதில்லை. நொண்டி ஓட்டத்துக்குக் கொடுக்கிற தகர மெடலாக இருந்தாலும் போனதில்லை.

அதற்கப்புறம் நடந்ததைப் பெரியவர் செய்தார் என்று சொல்லக்கூடாது. கை செய்தது. துணியைக் கட்டைவிரலில் சுற்றியது, பாலிஷ் மெழுகில் ஒரு தொடு தொட்டது, பாய்மேல் ஒரு இழுப்பு இழுத்தது. கோடு போயே போச்சு. துணியை நாற்காலி மூட்டைமேல் எறிந்துவிட்டு, காசைப் பஞ்சில் படுக்கவைத்து, மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருந்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு வேறு.

மருமகன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். அவன் பின்னாலேயே மகளும் வந்தாள்.

"என்ன மாமா?"

"தங்கம்தான்" என்றார் பெரியவர். "வாங்கிக்கோ."

மருமகன் முகம் மலர்ந்ததைப் பார்த்து மகளுக்கே கண் கலங்கிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவர் நிறுத்தவில்லை.

"ஒரு கீறல் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன். உனக்காகத்தான்."

"எந்தக் கீறல்?"

"பாய்மேல. குறுக்க ஓடுச்சே."

மருமகன் டப்பாவைத் திறந்தான். பார்த்தான். அப்படியே உட்கார்ந்தான். பின்னால் ஸ்டூல் இருந்தது அவன் நல்ல நேரம்.

"மாமா, அந்தக் கோடுதான் மாமா விசேஷம்."

"கீறலா விசேஷம்?"

"கீறல் இல்ல. காசு அடிக்கிற அச்சு நடுவுல விரிசல் விட்டுருச்சு. வேற அச்சு மாத்துறதுக்குள்ள கொஞ்சம் காசு அந்த விரிசலோட வந்துருச்சு. பாய் கிழிஞ்ச மாதிரி ஒரு கோடு, மேடா எழும்பி நிக்கும். அது இருந்தாத்தான் இந்த விலை. இல்லாட்டி இது சாதாரணக் கப்பல் காசு."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன் மாமா. கதை வேண்டாம்னீங்க."

முன்னால் கடையில் கிளப்புக்காரர், "அம்மா, உயரம் வேண்டாம், அகலமாவது கொஞ்சம்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மோட்டாரும் போச்சு, பணமும் போச்சு, மாப்பிள்ளையின் காசும் போச்சு. மூன்றையும் ஒரே இழுப்பில் முடித்திருக்கிறார்.

"என் மோதிரத்தை வித்துடறேன்" என்றார்.

"அது பித்தளைப்பா" என்றாள் மகள். "நீங்கதான் பாலிஷ் போட்டீங்க."

அவள் அழப்போகிறாள் என்றுதான் இரண்டு ஆண்களும் நினைத்தார்கள். அவளோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எத்தனை இழுப்பு இழுத்தீங்க?"

"ஒண்ணு."

"சக்கரத்துலயா?"

"மோட்டார்தான் செத்துப்போச்சே. கையாலதான். துணியால."

"கையால ஒரே இழுப்புல ஒரு கீறல் போயிடுமா? போன மாசம் ஒரு ஷீல்டுல நகம் பட்ட மாதிரி ஒரு கீறல். அதுக்கு நாள் முழுக்க முணுமுணுத்துக்கிட்டே தேச்சீங்க. இது காசோட சேந்து எழும்பின மேடுன்னா அரம் போட்டாத்தானே போகும்?"

பெரியவர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணாடி போட்டுப் பாக்குறதுக்கு நான் என்ன கிழவனா?"

மகள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். "துணி எங்க?" என்றாள்.

மூன்று பேரும் நாற்காலி மூட்டையைத் தரையில் கொட்டினார்கள். பாலிஷ் துணியெல்லாம் ஒரே கறுப்பு, எது இன்றைக்குப் போட்டது என்று யாருக்குத் தெரியும். ஒவ்வொன்றாக ஜன்னலில் விரித்துப் பார்த்தார்கள். மூக்கெல்லாம் கறுப்பாகிவிட்டது. கிளப்புக்காரர் எட்டிப் பார்த்து, "நான் நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார்.

மருமகன்தான் கண்டுபிடித்தான். துணி மடிப்பில், மெழுகோடு ஒட்டிக்கொண்டு, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பி. கூடவே பொடிப்பொடியாக வார்னிஷ்.

அவன் கம்பியைப் பார்த்தான், காசைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், பொத்த முடியாமல் சிரித்தான்.

"ஒட்டினது மாமா. கோட்டை ஒட்டியிருக்கான்."

"அப்ப திருட்டுப் பயல் அந்தக் கண்ணாடி" என்றார் பெரியவர். போன உயிர் திரும்பி வந்துவிட்டது. "நான் தேக்காம இருந்திருந்தா உன் கதி என்ன? சொல்லு. கதையை நம்பி அத்தனை பணத்தையும் அவன்கிட்டயே விட்டிருப்பே."

"உனக்காகத்தான்னு இப்பச் சொல்லுங்க மாமா, ஒத்துக்கறேன்."

மகளும் சிரித்தாள். மூன்று பேரும் கறுப்பு மூக்கோடு சிரித்தார்கள்.

பெரியவர் இந்தத் தடவை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கம்பியைத் தூக்கிப் பிடித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கம்பியின் ஒரு நுனி உள்ளே மடங்கியிருந்தது. கொக்கி மாதிரி, ரொம்பச் சின்னதாக.

கப்பில் வெட்டின எழுத்தில் ஒரு கோடு தேய்ந்துபோனால், அந்தக் கோட்டுக்கு வார்னிஷ் வைத்துக் கம்பி ஒட்டுவது இந்தப் பட்டறை வழக்கம். ஒட்டுகிறபோது நுனியை இப்படி மடக்கி விடுவார்கள். விரல் பட்டாலும் கம்பி கிளம்பாது. வேறு எந்தக் கடையிலும் இதைச் செய்வதில்லை. செய்யத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

மகள் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நான் இல்லைம்மா. என்னை நானே எப்படி ஏமாத்துவேன்?"

மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். மூட்டை தரையில் கிடந்ததால் அது காலியாக இருந்தது.

கண்ணாடியின் கடைக்குள் மூன்று பேரும் நுழைந்தபோது அவர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். காசை வாங்கிப் பார்த்தவர் துள்ளினார்.

"தேச்சிருக்கீங்க. கோட்டைக் காணோம். பெரியவரே, பேச்சு என்ன? கொடுத்தது கொடுத்தபடி வரணும். பணம் திரும்பாது."

"கொடுத்தது கொடுத்தபடியேதான் வந்திருக்கு" என்ற பெரியவர், துணியை விரித்துக் கம்பியை மேசையில் வைத்தார். "ரெண்டாப் பிரிஞ்சு வந்திருக்கு, அவ்வளவுதான்."

கண்ணாடி குனிந்தார். கழுத்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். வியர்த்துவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாது பெரியவரே."

"கழுத்துல மாட்டியிருக்கிறது எதுக்கு, அழகுக்கா?"

"ஆசைதான். இந்தக் காசை ஒரு நாள் கையில பிடிக்கணும்னு எனக்கும் ரொம்ப வருஷ ஆசை. கோட்டைப் பாத்ததும் மத்ததைப் பாக்கலை."

பொய் சொல்கிறவன் முகத்தைப் பெரியவர் நிறையப் பார்த்திருக்கிறார். இது அந்த முகம் இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கண்ணாடி பணத்தை எடுத்துக் கொடுத்தார். மகள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். மருமகனின் கண் மட்டும் மேசையில் கிடந்த காசிலேயே நின்றது.

பெரியவர் அதைக் கவனித்தார்.

"இது என்ன விலை?"

"எது?"

"இதுதான். கோடு இல்லாம."

"இது சாதாரணக் கப்பல் காசு. தங்கத்து எடைக்கு மேல கொஞ்சம் போகும். நீங்க தேச்சதால மதிப்புக் குறைஞ்சுபோச்சு."

"குறைஞ்சுபோச்சா?" என்றார் பெரியவர். "அப்ப குறைச்சுக் குடு."

கண்ணாடி அவரை முறைத்தார். மகள் பையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மாமா, மோட்டாருக்கு..." என்றான் மருமகன்.

"பழைய மோட்டாருக்குக் காயில் கம்பியைப் புதுசாச் சுத்தினா இன்னும் ஓடும். மீதிப் பணத்துல அது ஆகிடும். எடுத்துக்கோ. பொய் போனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது சுத்தத் தங்கம். அதுக்கு நான் ஜவாப்தாரி."

மருமகன் தலையை ஆட்டினான்.

"நீயும் நல்ல பையன்தான்" என்றார் பெரியவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

விலை படிந்தது. கண்ணாடிக்கும் நஷ்டமில்லை. விற்க வந்தவனுக்கு அவர் பாதிப் பணம்தான் கொடுத்திருந்தார், அது தங்கத்தின் எடைக்குச் சரியாகப் போய்விட்டது.

"பாதி போதும்னு அவனேதான் சொன்னான்" என்றார் கண்ணாடி. "யாராவது வாங்கினப்புறம் மீதி பாத்துக்கலாம், நாளைக்குக் காலையில வர்றேன்னான். வரட்டும், போலீசைக் கூப்பிட்டு வெக்கறேன்."

"ஆள் எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள் மகள்.

"நெட்டையா, ஒல்லியா. நகக்கண்ணெல்லாம் கறுப்பு." கண்ணாடியின் பார்வை பெரியவரின் கையில் வந்து நின்றது. "உங்க கை மாதிரி."

பெரியவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"போலீஸ் அப்புறம். நாளைக்கு அவன் வர்றப்ப நான் இங்க இருப்பேன். அதுக்கு மேல உன் இஷ்டம்."

"நீங்க யாரு அவனுக்கு?"

"பாலிஷ்காரன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் படி இறங்கினார்.

தெரு விளக்கு போட்டிருந்தது. மருமகன் சட்டைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தான். மகள்தான் முதலில் பேசினாள்.

"அவனைப் பாத்தா என்ன பண்ணப் போறீங்கப்பா?"

"ஒரு அறை."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கணும். இப்படியா ஒட்டறதுன்னு. நான் கத்துக்குடுத்தபடி ஒட்டியிருந்தா அரை நாள் தேச்சாலும் வந்திருக்காது. நுனியை மடக்கத் தெரியுது, வார்னிஷைக் காயவிடத் தெரியலை."

மருமகன் நின்றுவிட்டான்.

"அவனுக்குத் தெரியும் மாமா. என்னைவிட நல்லா ஒட்டுவான்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். "இந்தக் காசுக்கு நான் அலையறது அவனுக்குத் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி அது உங்க மேசைக்கு வரும்னும் தெரியும். கீறலைப் பாத்தா நீங்க சும்மா விடமாட்டீங்கன்னும் தெரியும். நீங்க தேச்சா வந்துடற மாதிரி வேணும்னே ஒட்டியிருக்கான், நாளைக்கு வர்றேன்னும் சொல்லிட்டுப் போயிருக்கான்."

வீடு வந்ததும் பெரியவர் நேராகப் பட்டறைக்குப் போனார். தரையில் கிடந்த துணி மூட்டையைக் கட்டி மூலையில் தள்ளினார். பிறகு ஒரு நல்ல துணியை எடுத்து மூன்றாவது நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். கை, கால், முதுகு எல்லாம் துடைத்தார்.

மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறையத்தானே போறீங்க? நாற்காலி எதுக்குப்பா?"

"நெட்டையாமே" என்றார் பெரியவர், துடைப்பதை நிறுத்தாமல். "நின்னா எனக்கு எட்டமாட்டான். உக்கார வெச்சுத்தான் அறையணும்."